இடது தோளுக்கு வளைத்த துவக்கு

கலியாண வீடுகளில் பக்கத்துக் கதிரையில் இருப்பவர், "அக்கா, நீங்கள் என்ன வேலை செய்தனீங்கள்?" என்று கேட்டால் நான் ஒளிக்காமல் சொல்வேன்: "துவக்கு வேலை." கேட்டவரின் கை பலகாரத் தட்டிலேயே நின்றுவிடும். சுவிசில் எங்கள் சனம் செய்த வேலை என்றால் ஹோட்டல் சமையலறை, துப்பரவு, தொழிற்சாலை, வயோதிபர் இல்லம். அதற்குள் துவக்கு, துப்பாக்கி எல்லாம் எங்கேயிருந்து வந்தது என்று விளங்காமல் என் முகத்தைப் பார்ப்பார்கள். நான் விளக்கத் தொடங்குவதற்குள் சோற்றுக்கு எழும்பச் சொல்லிவிடுவார்கள். அதனால் முழுக் கதையையும் ஒருவருக்கும் சொன்னதில்லை.

போன மாதம் என் பழைய கடையிலிருந்து கூப்பிட்டார்கள். புதிதாக ஒரு இயந்திரம் வந்திருக்கிறது, வந்து பாருங்கள் என்றார்கள். போனேன். துவக்கின் மரப்பிடியில் நான் கையால் வெட்டிய கோடுகளை ஒரு ஒளிக்கதிர் வெட்டிக்கொண்டிருந்தது. நல்ல நேர்த்தி. குறை சொல்ல ஒன்றுமில்லை, சொல்லவும் இல்லை. எனக்கு முதுகுநோவு தந்த வேலையை இயந்திரம் செய்தால் எனக்கென்ன வருத்தம்? ஆனால் அங்கே வேலை பழகும் பிள்ளைகளில் ஒருத்தி கேட்ட கேள்விதான் என்னை எழுத வைத்தது.

"ஃப்ராவ் பிலோமினா, புதுத் துவக்கு பாரம் குறைவு, தூரத்துக்கும் நேராப் போகும். பிறகு ஏன் சனம் பாட்டன் காலத்துத் துவக்கைத் தூக்கிக்கொண்டு வேட்டைக்குப் போகுது?"

அவள் கேட்டது ஜெர்மனில்; ஃப்ராவ் என்றால் திருமதி, ஹெர் என்றால் திரு. இந்தக் கதையில் சுவிஸ்காரர் கதைப்பதெல்லாம் அப்படித்தான். நான் எங்கட தமிழில் எழுதுகிறேன், அவர்கள் ஒருவரும் கோபிக்க மாட்டார்கள்.

நான் மன்னாரில் கன்னியர் மடப் பள்ளிக்கூடத்தில் தையல் ரீச்சர். கண்டிப்பான ரீச்சர் என்று பெயர். தையல் கோணினால் பிரிக்க வைப்பேன், அழுதாலும் பிரிக்க வைப்பேன். சண்டைக்குள் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்து, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் என் மனுசன் அந்தோனிப்பிள்ளையும் நானும் லூசேர்ன் நகரத்துக்குப் பக்கத்தில் எம்மன்புரூக்கேயில் இருந்தோம். அவருக்கு அங்கேயே தொழிற்சாலை வேலை. எனக்கு லூசேர்னில் ஒரு கடையைத் துப்பரவாக்கும் வேலை கிடைத்தது. என்ன கடை என்று கேட்காமல் ஓம் சொல்லிவிட்டேன். முதல் நாள் கதவைத் திறந்தால் சுவர் முழுக்கத் துவக்கு. எனக்கு உள்ளங்கால் குளிர்ந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து சொன்னதும் அந்தோனிப்பிள்ளை கரண்டியை வைத்துவிட்டார்.

"துவக்குக்குப் பயந்துதானே ஓடி வந்தனாங்கள். நீர் போய் அதைத் துடைக்கப் போறீரோ?"

"துவக்கை இல்லை, நிலத்தைத்தான் துடைக்கிறன்" என்றேன்.

கடை முதலாளி ஹெர் ஆம்ரைன். உயரமான, மெலிந்த மனிதர். சாம்பல் நிற ஏப்ரன், காதில் பென்சில், கழுத்தில் ஒரு கயிற்றில் இரும்பு அலுமாரியின் திறப்பு. துவக்குத் திருத்துவதில் மாஸ்டர் பட்டம் பெற்றவர். அவர் வாயிலிருந்து "நல்லது" என்ற சொல் வந்து நான் கேட்டதில்லை. வேலை பிழைத்தால் திட்டவும் மாட்டார். மரத்தைக் கொண்டுவந்து நமக்கு முன்னால் வைத்துவிட்டுக் கோப்பி போடப் போய்விடுவார். அவர் கோப்பியோடு திரும்பி வருவதற்குள் பிழை எங்கே என்று நாமே கண்டுபிடித்திருக்க வேண்டும். கண்டுபிடிக்காவிட்டால் இரண்டாவது கோப்பி போடப் போவார். வேலை சரியாக இருந்தால் பேசாமல் எடுத்துத் தட்டில் சாய்த்து வைப்பார். அவ்வளவுதான் பாராட்டு. கண்டிப்பான ரீச்சராகிய எனக்கு அந்த மனிதரை முதல் கிழமையே பிடித்துவிட்டது.

அவருடைய ஏப்ரன் கிழிந்து கிடந்ததை ஒருநாள் கேட்காமலே தைத்துக் கொடுத்தேன். கிழிசல் கண்ணுக்கு முன்னால் இருந்தால் எனக்கு இருப்புக்கொள்ளாது. அவர் அந்தத் தையலை உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தார். பிறகு ஒரு துண்டு வால்நட் மரத்தையும் சிறிய பல் வைத்த ஒரு வெட்டுளியையும் என் கையில் தந்தார். பிடி ஈரக்கையில் வழுக்காமல் இருக்க மரத்தில் குறுக்கும் நெடுக்கும் நுணுக்கமாகக் கோடு வெட்டுவார்கள். அதை ஜெர்மனில் மீன்தோல் என்றே சொல்வார்கள். மன்னார்க்காரிக்கு மீன்தோலைச் சொல்லித்தர வேண்டுமோ என்று முதலில் நினைத்தேன். தேவைப்பட்டது. துணியில் நேர்கோடு வேண்டுமென்றால் ஒரு நூலை இழுத்துவிட்டால் போதும், கோடு தானே தெரியும். மரத்தில் இழுக்க நூல் இல்லை. முதல் இரண்டு கோடும் கோணினால் பிறகு வரும் அத்தனையும் அதன் பின்னாலேயே கோணும். பழைய கட்டைகளில் வெட்டி வெட்டி, இரண்டு குளிர்காலம் கழித்துத்தான் வாடிக்கையாளரின் மரம் என் மேசைக்கு வந்தது. அன்றிலிருந்து நிலம் துடைக்க வேறொருவர் வந்தார்.

மரம் மட்டும்தான் வரும். குழலையும் சுடும் பொறியையும் ஹெர் ஆம்ரைன் கழற்றி அலுமாரியில் வைத்துப் பூட்டிய பிறகே பிடியை என்னிடம் தருவார். அப்படி ஒரு ஒழுங்கு. எனக்கும் அதுதான் வசதி. மரத்தைப் பார்த்தால் துவக்கு என்று நினைக்கத் தேவையில்லை, ஒரு நல்ல கதிரையின் கை என்று நினைத்துக்கொள்ளலாம்.

ஆனால் பார்க்கப் பார்க்க ஒன்று விளங்கிவிட்டது. புதிய துவக்கு என்பது கடையில் தொங்கும் ரெடிமேட் சட்டை. எல்லோருக்கும் கொஞ்சம் பொருந்தும், ஒருவருக்கும் முழுதாகப் பொருந்தாது. பழைய துவக்கு ஒரு ஆளுக்கு அளவெடுத்துத் தைத்தது. கை எவ்வளவு நீளம், கழுத்து எவ்வளவு உயரம், கன்னம் எங்கே படும், எந்தக் கண்ணால் பார்க்கிறார், எல்லாம் அந்த மரத்தில் இருக்கும். நன்றாகப் பொருந்திய துவக்கைத் தோளில் வைத்தால் குறிபார்க்கவே தேவையில்லை, கண் போகிற இடத்துக்குக் குழலும் போகும் என்று ஹெர் ஆம்ரைன் சொல்வார். அளவாகத் தைத்த சட்டையைப் போட்டவளுக்கு அது போட்டிருப்பதே தெரியாது. எனக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு கோடைகாலம் ரேகுலா கடைக்கு வந்தார். என்ட்லெபூக் பள்ளத்தாக்கில் மாட்டுப்பண்ணை வைத்திருக்கும் பெண். என் வயதுதான் இருக்கும். குள்ளம், திரண்ட தோள், சிரித்தால் கடை முழுக்கக் கேட்கும். கம்பளியில் சுற்றி ஒரு துவக்கைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். பக்கம் பக்கமாக இரண்டு குழல், வெளியே வளைந்து நிற்கும் இரண்டு கொக்கி, குதிரை என்பார்கள். சுடுவதற்கு முன் அந்தக் குதிரையைப் பெருவிரலால் பின்னுக்கு இழுத்து நிறுத்த வேண்டும். இரும்பில் சின்னச் சின்ன ஓக் இலைகள் கொத்தியிருந்தார்கள். அவருடைய அப்பாவின் துவக்கு. அப்பா அந்த இளவேனிலில் இறந்துபோயிருந்தார்.

"இதோட வேட்டைக்குப் போகவேணும்" என்றார் ரேகுலா. "சுவரில தொங்கவிட இல்லை."

அவர் கதை இதுதான். வேட்டைக்காரருக்கான சோதனையை எப்போதோ பாஸ் பண்ணியவர். ஆனால் அந்தப் பக்கத்து வேட்டைக் குழுவில் எல்லோரும் ஆண்கள். ரேகுலாவுக்கு வருடா வருடம் கிடைத்தது, தடியால் பற்றைகளைத் தட்டி மிருகத்தைக் கலைத்துவிடும் வேலை. துவக்கோடு நிற்கும் இடம் அவருடைய அப்பாவுக்கு. இப்போது அந்த இடம் வெறுமையாகிவிட்டது. குழுவின் தலைவர் ஹெர் போர்ட்மன் மறுக்கவில்லை, ஒரு நிபந்தனை வைத்தார். இலையுதிர்கால வேட்டைக்கு முன் சுடுதளத்தில் சுட்டுக் காட்ட வேண்டும். அந்தக் கிழட்டுத் துவக்கு ஏதாவது கரைச்சல் கொடுத்தால் ரேகுலா பழையபடி தடியைத் தூக்கிக்கொள்ள வேண்டியதுதான். புதிய துவக்கு வாங்கிக்கொண்டு வந்தால் சோதனை லேசு என்றும் சொல்லியிருந்தார்.

"அப்ப புதுசை வாங்கலாமே" என்றேன் நான். கேட்டிருக்கக் கூடாது, ஆனால் என் வாய் அப்படி.

ரேகுலா கோபிக்கவில்லை. குதிரையைப் பெருவிரலால் மெல்ல இழுத்தார். டிக் என்றது.

"புதுத் துவக்கால எட்டத்தில நிண்டு சுடலாம். மானுக்கு நான் வந்தது தெரியவே தெரியாது. இதால சுட வேணுமெண்டால் கிட்டப் போக வேணும். அதுக்கும் என்னைத் தெரிய ஒரு சந்தர்ப்பம் இருக்கு. பிறகு இந்தக் குதிரையை இழுக்கவேணும். அப்பவும் ஒருக்கா யோசிக்கலாம், சுடுறதோ விடுறதோ எண்டு. அப்பா அரைவாசி நாளும் விட்டிட்டுத்தான் வருவார். வெறுங்கையோட வந்தாலும் சந்தோசமா வருவார்."

துவக்கைப் பற்றி ஒருவர் அப்படிக் கதைத்து நான் அதுவரை கேட்டதில்லை. எங்கள் ஊரில் துவக்கு வைத்திருந்தவன் யோசித்ததைக் கண்டதில்லை.

ஹெர் ஆம்ரைன் துவக்கைக் கழற்றி மரத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். இரண்டு தொல்லை இருந்தது. அப்பா வலது தோளில் வைத்துச் சுட்டவர், மரம் வலப்பக்கம் வளைந்திருந்தது. ரேகுலாவுக்குச் சிறுவயதிலேயே வலது கண்ணில் பார்வை குறைவு. அவர் இடது தோளில்தான் வைக்க வேண்டும். அதாவது மரத்தை மறுபக்கம் வளைக்க வேண்டும். அது நடக்கக்கூடியதுதான். ஆனால் பிடியின் கழுத்தில், கை பற்றுகிற மெல்லிய இடத்தில், பழைய அழுக்குக்குள்ளே ஒரு வெடிப்பு ஓடியது. வளைக்கப்போனால் அந்த வெடிப்பு வாய் திறக்கும். முதலில் ஒட்டிவிட்டு வளைக்கவும் முடியாது, வளைக்கக் கொடுக்கும் சூட்டில் பசை இளகிவிடும்.

"புது மரம் போட்டால் நான் உத்தரவாதம் தருவன்" என்றார் ஹெர் ஆம்ரைன். "இந்த மரத்துக்குத் தரமாட்டன்."

ரேகுலா மரத்தில் கன்னம் படும் இடத்தைத் தடவினார். அந்த இடம் மட்டும் மற்ற இடத்தைவிட மினுமினுப்பாக இருந்தது. "இதிலதான் அப்பான்ர கன்னம் இருந்தது" என்றார்.

ஹெர் ஆம்ரைன் மரத்தைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்தார். பிறகு கோப்பி போடப் போனார். திரும்பி வந்தபோது கையில் மூன்று கோப்பி இருந்தது. "பாப்பம்" என்றார்.

அந்த வேலையை விவரமாகவே சொல்கிறேன், ஏனென்றால் கடையில் இப்போது ஒருவரும் அதைக் கண்ணால் கண்டதில்லை.

மரத்தை ஒரு இரும்புச் சட்டத்தில் இறுக்குவோம். வளைய வேண்டிய பக்கத்தில் ஒரு திருகாணி. கழுத்தைச் சுற்றித் துணி சுற்ற வேண்டும். பக்கத்து அடுப்பில் ஆளிவிதை எண்ணெய் காயும். அதை அகப்பையால் மொண்டு துணியின் மேல் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். எண்ணெய் கீழே தட்டில் வழியும், வழிந்ததைத் திரும்ப அடுப்பில் ஏற்றுவோம். எண்ணெய் புகைந்தால் மரம் கருகும், ஆறினால் மரம் அசையாது. மரம் முழுக்கச் சூடேறி இளகியதும் திருகாணியைக் கொஞ்சம் திருப்புவார். மரம் முனகும். பிறகு எண்ணெய், பிறகு பொறுமை, பிறகு இன்னும் கொஞ்சம். வேண்டிய அளவைவிடச் சற்றுக் கூடவே வளைத்து, அப்படியே ஆறவிட்டு மறுநாள்தான் கழற்ற வேண்டும். விட்டதும் மரம் கொஞ்சம் பழைய பக்கமே திரும்பும், அதற்குத்தான் அந்தக் கூடுதல். எண்ணெய் குடித்த துணியைக் குப்பையில் போடக் கூடாது, தானே தீப்பிடிக்கும். வாளித் தண்ணீரில்தான் போட வேண்டும்.

ஆகவே அந்த வெடிப்பு வாய் திறக்காமல் பிடித்து வைக்கப்போவது துணி மட்டும்தான். ஹெர் ஆம்ரைன் வழக்கமாகச் சுற்றும் ஃபிளானல் துணியைச் சுற்றிப் பார்த்தார். அது தடிப்பு, இறுக்க இறுக்க வழுக்கியது. மூன்று தரம் பிரித்துச் சுற்றியும் சரிவரவில்லை.

"நாளைக்கு நான் துணி கொண்டு வாறன்" என்றேன்.

எங்கள் வீடுகளில் பழைய நூல் சேலைக்கு ஓய்வு கிடையாது. கிழிந்த பிறகுதான் அதற்கு வேலையே தொடங்கும். சட்டி பிடிக்க, காயம் கட்ட, மாப் பிசைந்த பாத்திரம் மூட. தோய்த்துத் தோய்த்து நைந்த துணிபோல் இறுகப் பிடிப்பது வேறொன்றும் இல்லை. கொழும்பில் வாங்கிய என் சிவப்பு நூல் சேலையை அகலமில்லாத பட்டிகளாகக் கிழித்துக் கொண்டுபோனேன். ஒவ்வொரு சுற்றையும் முந்தின சுற்றின் பாதியில் படியவைத்து, பல்லைக் கடித்து இழுத்துச் சுற்றினேன். முடிவைத் தைத்தேன். ஹெர் ஆம்ரைன் நகத்தால் தட்டிப் பார்த்தார். துணி பலகைபோல் இருந்தது.

காலையில் தொடங்கி மத்தியானம் தாண்டும்வரை நான் எண்ணெய் ஊற்றினேன், அவர் திருகாணியைத் திருப்பினார். ஒவ்வொரு முனகலுக்கும் நான் குனிந்து துணியின் தையலைப் பார்த்தேன். கடைசித் திருகலுக்குப் பிறகு அவர் காதில் இருந்த பென்சிலை எடுத்துக் கீழே வைத்தார். அது அவர் வேலையை முடித்தார் என்பதற்கு அடையாளம்.

மறுநாள் விடிந்ததும் துணியைப் பிரித்தோம். வெடிப்பு திறக்கவில்லை. மரம் அழகாக இடப்பக்கம் திரும்பியிருந்தது. ஆனால் கழுத்து முழுக்கச் சிவப்பு.

எத்தனையோ வருடம் தோய்த்தும் தண்ணீருக்குப் போகாத சாயம் கொதித்த எண்ணெய்க்குப் போய்விட்டது. மண்ணிறக் கட்டையின் நடுவில், கன்னத்தில் அறை வாங்கியதுபோல ஒரு சிவந்த பட்டை. சுற்றுக்குச் சுற்று என் சேலையின் கோடுகூடத் தெரிந்தது. நான் துடைத்தேன், தேய்த்தேன். போகவில்லை. எண்ணெய் எவ்வளவு ஆழம் போனதோ சாயமும் அவ்வளவு ஆழம் போயிருந்தது. ரேகுலாவின் அப்பாவுடைய மரம். பாழாக்கிவிட்டேன் என்று நினைத்தேன். அந்த நேரத்தில் எனக்கு அழுகைகூட வரவில்லை.

ஹெர் ஆம்ரைன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். மரத்தை ஜன்னலுக்குக் கொண்டுபோனார். பெருவிரலால் தேய்த்து முகர்ந்து பார்த்தார். திரும்பி வந்து மரத்தை எனக்கு முன்னால் வைத்தார். கோப்பி போடப் போகப்போகிறார் என்று நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் போகவில்லை. ஒரு திருகுளியை எடுத்து, தோளில் பதியும் முனையில் இருந்த கொம்புத் தகட்டைக் கழற்றினார்.

"இஞ்ச பாருங்கோ, ஃப்ராவ் பிலோமினா."

தகட்டின் ஓரத்துக்கு அடியில், வெளிச்சமும் கையழுக்கும் படாமல் மறைந்திருந்த ஒரு விரல் அகல மரம், சிவப்பாக இருந்தது.

அவர் அலுமாரியின் மேல்தட்டிலிருந்து தூசி படிந்த ஒரு போத்தலை இறக்கினார். உள்ளே கருஞ்சிவப்பாக எண்ணெய், அடியில் வேர்த் துண்டுகள். பழைய காலத்தில் துவக்கு செய்தவர்கள் ஆளி எண்ணெயில் ஒரு சிவப்பு வேரை ஊறவைத்து, அதைக் கிழமைக்கணக்காகத் தேய்த்துத்தான் வால்நட்டுக்கு நிறம் ஏற்றுவார்களாம். இந்தத் துவக்கு பிறந்தபோது அதன் நிறமே அதுதான். பிறகு வந்த வருடங்கள் அதைக் கறுக்க வைத்துவிட்டன.

"அவங்கள் கிழமைக்கணக்கா மினக்கெட்டதை நீங்கள் ஒரு நாளில செய்திட்டீங்கள்" என்றார் ஹெர் ஆம்ரைன். "ஒரு இடத்தில மட்டும். மிச்ச இடத்தையும் கூட்டிக்கொண்டு வாறது இனி எங்கட வேலை."

அவர் சிரித்ததை நான் அன்றுதான் கண்டேன். எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

அந்தக் கோடையின் மிச்சம் அதிலேயே போனது. அவர் வெடிப்புக்குப் பசை ஊட்டி, கழுத்துக்குள் நீளவாட்டில் ஒரு பித்தளைக் கம்பியை இறக்கினார். நான் அழுக்கை எடுத்து, கன்னம் படும் இடத்தை மட்டும் தொடாமல் விட்டு, உள்ளங்கைச் சூட்டில் சிவப்பு எண்ணெயைத் துளித்துளியாகத் தேய்த்தேன். சேலைக்கோடுகள் மெல்ல மெல்ல மற்ற நிறத்துக்குள் கரைந்தன. பிறகு பழைய மீன்தோலை, தேய்ந்துபோன ஒவ்வொரு கோடாகத் தேடிப் பிடித்து, வெடிப்பின் மேலாகவே திரும்ப வெட்டினேன். முடிந்ததும் ஹெர் ஆம்ரைன் உருப்பெருக்கியோடு வந்து வெடிப்பைத் தேடினார். வெகுநேரம் தேடினார். பிறகு மரத்தைத் தட்டில் சாய்த்து வைத்தார்.

சுடுதளத்துக்கு என்னையும் வரச் சொன்னது ரேகுலா. அந்தோனிப்பிள்ளைக்கு விருப்பமில்லை.

"வெடிச்சத்தம் கேட்டால் நீர் மேசைக்குக் கீழ போற ஆள். முதலாம் ஓகஸ்ட் சுவிஸ் தேசிய நாளுக்கு வாணம் விட்டாலே கதவைப் பூட்டுறனீர். அங்க போய் என்ன செய்யப்போறீர்?"

"என்ர தையல் பிரியுதோ எண்டு பாக்கப்போறன்."

அவர் சொன்னது உண்மைதான். ஆனாலும் போய், சுடுதளத்து மேட்டில் வேலி ஓரமாக நின்றேன். ஹெர் போர்ட்மன் வந்தார். கனத்த மீசை, மரியாதையான மனிதர். துவக்கைக் கையில் வாங்கி அந்தச் சிவந்த மரத்தை ஒரு நிமிடம் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ரேகுலாவிடம் கொடுத்தார். தகரத்தில் செய்த முயல் ஒன்று தண்டவாளத்தில் ஓடும், அதைச் சுட வேண்டும். ரேகுலா இடது தோளில் துவக்கை வைத்தார். பெருவிரல் குதிரையை இழுத்தது.

முதல் வெடிக்குக் கண்ணை இறுக்கி மூடினேன். வேலியைப் பிடித்துக்கொண்டேன். மன்னார் வீதி, ஓடிய சனம், விழுந்தவர்கள், எல்லாம் ஒரே நொடியில் வந்து போயின. ஓடிவிட வேண்டும் போலிருந்தது. ஆனால் இரண்டாம் வெடிக்கு நான் கண்ணைத் திறந்தே வைத்திருந்தேன், ஏனென்றால் அந்தக் கழுத்து பிளக்கிறதா என்று பார்க்க வேண்டியிருந்தது. மூன்றாம் வெடிக்கு நான் சத்தத்தைக் கேட்கவேயில்லை. மரம் தோளில் எப்படிப் போய் உட்காருகிறது என்பதை மட்டும் பார்த்தேன். என் அளவில் ஒரு பிசகும் இல்லை. தகர முயல் விழுந்தது, எழும்பி ஓடியது, திரும்ப விழுந்தது.

ஹெர் போர்ட்மன் துவக்கை வாங்கிக் கழுத்தை இரண்டு கையாலும் அழுத்திப் பார்த்தார். பிறகு ரேகுலாவிடம், "உங்கட அப்பா நிண்ட இடம் உங்களுக்குத் தெரியும்தானே" என்றார். சோதனை அத்தோடு முடிந்தது.

வேட்டை நாள் சனிக்கிழமை, நான் லூசேர்னில் கடையில்தான் இருந்தேன். நடந்ததை ரேகுலா வந்து சொன்னார். திங்கட்கிழமை கடை திறந்தவுடன் கதவு மணி அடித்தது. பச்சைக் கம்பளி வேட்டைக் கோட்டு, சேற்றுச் சப்பாத்து, தலையில் தொப்பி. தொப்பியின் வலப்பக்கத்தில் ஒரு சின்ன ஊசியிலைக் கொப்பு செருகியிருந்தது. ஹெர் ஆம்ரைன் அதைக் கண்டதும் ஏப்ரனை நேராக்கிக்கொண்டு எழுந்து நின்றார்.

விடிய நல்ல பனிப்புகார், என்றார் ரேகுலா. நாய்கள் குரைப்பது பள்ளத்தாக்கில் சுற்றிச் சுற்றிக் கேட்டது. முதலில் ஒரு மான் மரங்களுக்கிடையில் தெரிந்தது. எட்டம். பக்கத்து இடத்தில் நின்றவர் சுடு என்று கைகாட்டினார். ரேகுலா குதிரையைத் தொடவில்லை. அது போய்விட்டது. போகவிட்டதில் ஒரு சந்தோசம், அப்பாவின் சந்தோசம் என்ன என்று அப்போதுதான் தனக்கு விளங்கியது என்றார். பிறகு வெகுநேரம் ஒன்றுமில்லை. கை விறைத்துவிட்டது. ஈரத்தில் மீன்தோல் மட்டும் உள்ளங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தது. பிறகு சத்தமே இல்லாமல் ஒரு ஆண் மான் பற்றையை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து நின்றது, கூப்பிடும் தூரம்கூட இல்லை. குதிரையை இழுத்தார். டிக் என்ற சத்தத்துக்கு அது தலையைத் தூக்கியது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். துவக்கைத் தோளில் வைத்ததே நினைவில்லை என்றார் ரேகுலா. ஒரே வெடி. அது நின்ற இடத்திலேயே விழுந்தது.

விழுந்த மிருகத்தின் வாயில் ஒரு கொப்பை வைப்பது அங்கே வழக்கம், அதன் கடைசிச் சாப்பாடாம். இன்னொரு கொப்பை ஹெர் போர்ட்மன் தன் தொப்பியில் ஏந்தி ரேகுலாவிடம் நீட்டினார். அதுதான் சுட்டவருக்கு உரிய மரியாதை. குழுவில் எல்லோரும் தொப்பியைக் கழற்றி நின்றார்களாம்.

சொல்லி முடித்துவிட்டு ரேகுலா தொப்பியைக் கழற்றினார். கொப்பை உருவி எடுத்து அதை இரண்டாக முறித்தார். அதற்கும் ஒரு முறை இருக்கிறது. காயப்பட்ட மிருகத்தை நாய் தேடிப் பிடித்துக் கொடுத்தால், சுட்டவர் தன் கொப்பில் பாதியை நாயோடு வந்தவருக்குக் கொடுப்பார், அவர் அதில் கொஞ்சத்தை நாயின் கழுத்துப் பட்டியில் செருகுவார். இவர் இல்லாவிட்டால் இந்த மிருகம் எனக்கில்லை என்று எல்லோருக்கும் காட்டுவது அது.

"இந்த முறை நாய்க்கு வேலை இருக்கேல்லை" என்று ரேகுலா பாதிக் கொப்பை என்னிடம் நீட்டினார். "இது உங்களுக்கு."

நாய்க்குப் பிறகு நானோ என்று பகிடியாகக் கேட்கத்தான் வாய் வந்தது. முடியவில்லை. கொப்பை வாங்கினேன். பிசின் மணத்தது. எங்கே வைப்பது என்று தெரியவில்லை, எனக்குத் தொப்பி இல்லை. பூ வைப்பதுபோல என் கொண்டையில் செருகினேன்.

ஹெர் ஆம்ரைன் மேசையைச் சுற்றி வந்தார். அவர் வந்து கைகொடுத்ததே அதுவரை கிடையாது. கையைப் பிடித்து, வேட்டையில் வென்றவருக்கு மட்டும் சொல்லும் வாழ்த்தைச் சொன்னார்.

"வைட்மன்ஸ்ஹைல், ஃப்ராவ் பிலோமினா."

அதற்கு என்ன மறுமொழி சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும். கடைக்கு வருகிற வேட்டைக்காரர் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதை அத்தனை வருடம் கேட்டிருக்கிறேன். எனக்கு யாரும் சொல்லுவார்கள் என்று நினைத்ததில்லை.

"வைட்மன்ஸ்டாங்க்" என்றேன். நன்றாக, சத்தமாக, என் வகுப்பறைக் குரலில் சொன்னேன்.

அன்று பின்னேரம் எம்மன்புரூக்கே பஸ்ஸில் கொப்பைக் கழற்றாமலே போனேன். தொழிற்சாலை விட்டு அந்தோனிப்பிள்ளையும் வழியில் அதே பஸ்ஸில் ஏறினார். என் பக்கத்தில் வந்து இருந்து என் தலையைப் பார்த்தார்.

"என்னப்பா இது, தலையில குப்பை கிடக்குது."

எடுக்கக் கையை நீட்டினார். நான் அந்தக் கையைத் தட்டிவிட்டேன். எங்களுக்கு முன் சீட்டில் இருந்த ஒரு முதிய சுவிஸ்காரர் திரும்பி என் கொண்டையைப் பார்த்தார். கொப்பு என்ன கொப்பு என்று அவருக்குத் தெரிந்திருந்தது. எழும்பி, எனக்காகத் தன் தொப்பியைக் கழற்றினார்.